எல்லாக் கொக்கியிலும் சாவி இருந்தது

1

இந்தக் கதை என் மனைவியின் கைபேசியிலிருந்து வந்தது. வேறு பெருமையான பிறப்பிடம் எதுவும் இதற்கு இல்லை. இன்று மதியம் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கையெல்லாம் சோப்பு நுரை. அதனால் அழைப்பு வந்ததும் முழங்கையால் ஸ்பீக்கரை அழுத்தினாள். நான் பக்கத்தில் நின்று, ஏற்கெனவே காய்ந்துவிட்ட தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வீட்டு வேலையில் என் பங்கு அவ்வளவுதான்.

“அக்கா, பஸ் போயிடுச்சு” என்றது அவள் தம்பியின் குரல்.

“எந்த பஸ்?”

“எங்க பஸ்தான். கடைசி பஸ். என்னை விட்டுட்டுப் போயிட்டாங்க.” சொல்லிவிட்டுச் சிரித்தான்.

அவன் ஒரு கடற்கரை விடுதியில் ஜெனரேட்டர் ஓட்டுகிறான். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பங்கழி, நடுவில் நீளமான மணல் திட்டு, அதன்மேல் வரிசையாக விடுதிகள். ஊரோடு சேர்க்க ஒரே ஒரு பாலம். அந்தத் திட்டை நோக்கித்தான் ஒரு பெரும் புயல் வந்துகொண்டிருக்கிறது. சுற்றுலா வந்தவர்களை நேற்றே அனுப்பிவிட்டார்கள். வேலை செய்கிறவர்களை இன்று மதியத்துக்குள் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். ஒருவனைத் தவிர.

இருட்டியதும் புயல் கரையைத் தொடும் என்கிறார்கள். என் மச்சினன் அங்கே தனியாக இருக்கிறான். அவன் பிழைப்பானா என்பதுதான் இந்தக் கதையில் இருக்கிற ஒரே கேள்வி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் எதையோ ஒளித்துவைத்துப் பூச்சாண்டி காட்டினேன் என்று யாரும் சண்டைக்கு வரக் கூடாது. பதில் எனக்கும் தெரியாது.

அழைப்பு முடிந்ததும் என் மனைவி ஈரக் கையோடு சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் அவள் தோளில் கை வைத்தேன். வைத்த கையை எடுத்ததும் பேனாவைத் தேடினேன். நீங்கள் முகம் சுளிக்கலாம். சுளியுங்கள், பரவாயில்லை.

2

முதல் தொடக்கம்:

[கடல் அன்று வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருந்தது.]

அடித்துவிட்டேன். புயலைப் பற்றி எழுத உட்காருகிற எல்லாரும் கடலை முதலில் அமைதிப்படுத்திவிடுகிறார்கள். அதோடு இது பொய். பின்னால் என்ன சத்தம் என்று அக்கா கேட்டபோது, “கடல்தான்கா, பேய் மாதிரிக் கத்துது” என்றுதான் அவன் சொன்னான்.

இரண்டாவது தொடக்கம்:

[இயற்கையின் முன்னால் மனிதன் எவ்வளவு சிறியவன் என்பதை அவன் அன்று——]

இந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை. என் மச்சினன் எங்கள் வீட்டு நிலைக்குக் குனிந்துதான் உள்ளே வருவான். அவனைச் சிறியவன் என்று எழுதினால் சண்டைக்கு வருவான். (வரட்டும். வந்து நின்று திட்டட்டும். இப்போது எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?)

மூன்றாவது தொடக்கம்:

[டீசல் நாற்காலிகளை நீச்சல் குளத்தில் இறக்கிக்கொண்டிருந்தான்.]

இது தேவலை. விடுதியில் அவனை டீசல் என்றுதான் கூப்பிடுகிறார்கள். எத்தனை முறை குளித்தாலும் ஜெனரேட்டர் அறையின் வாசனை அவனை விட்டுப் போகாது. அக்காவுக்கு மட்டும் அவன் தம்பி. நான் டீசல் என்றே வைத்துக்கொள்கிறேன். அப்போதுதான் சொந்தக்காரனைப் பற்றி எழுதுகிற நினைப்பு வராது.

இந்த இடத்தில் என் மனைவி பின்னால் வந்து நின்றாள். அழுது முடித்து முகம் கழுவியிருந்தாள். தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள்.

“எழுதறீங்களா?”

“ம்.”

“அவனைப் பத்தியா?”

“ம்.”

ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவள் வாக்கியத்தின் மேல் விரலை வைத்தாள். “நாற்காலியை எதுக்குத் தண்ணியில இறக்கறான்? படிக்கிறவங்க அவனைக் கிறுக்கன்னு நெனைக்கப் போறாங்க. அதைத் தெளிவா எழுதுங்க முதல்ல.”

3

தெளிவாக எழுதுகிறேன்.

பெருங்காற்று வருகிற ஊரில், பறக்கக்கூடிய எதையும் வெளியே விட்டுவைக்கக் கூடாது. காற்றில் கிளம்பிய ஒரு நாற்காலி கண்ணாடிக் கதவை உடைத்துக்கொண்டு அறைக்குள் வந்துவிடும். குளக்கரையில் கிடக்கிற சாய்வு நாற்காலி, மேசை, குடைக்கம்பு எல்லாவற்றையும் அடுக்கிவைக்க அந்த விடுதியின் கிடங்கில் இடமும் இல்லை. ஆகவே அவற்றைக் குளத்துக்குள்ளேயே இறக்கிவிடுவார்கள். தண்ணீருக்கு அடியில் காற்றுக்கு வேலை இல்லை. புயல் போன பிறகு ஒவ்வொன்றாகத் தூக்கிக் காயவைப்பார்கள்.

இரும்பு நாற்காலி தானே மூழ்கும். மர நாற்காலிதான் தொல்லை, அழுத்தினால் திரும்பவும் மேலே வந்து நிற்கும். அதனால் ஒரு மரத்தையும் ஒரு இரும்பையும் சேர்த்து நைலான் கயிற்றால் கட்டி, ஆள் தண்ணீருக்குள் இறங்கி நின்று, நேராக உட்காரவைக்க வேண்டும். இது டீசலின் வேலை இல்லை. ஆனால் நன்றாக முடிச்சுப் போடுவான். அதனால் வருடா வருடம் கூப்பிடுவார்கள், அவனும் ஆசையாகப் போவான்.

அடுத்தது சாவிப் பலகை. விடுதியின் பின்வாசலில், வேலை செய்கிறவர்கள் வந்துபோகிற இடத்தில், சுவரில் ஒரு பலகை இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு கொக்கி. வரும்போது அவரவர் சாவிக்கொத்தை எடுத்துக்கொள்ள வேண்டும், போகும்போது மாட்டிவிட வேண்டும். கொக்கி காலியாக இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறார். சாவி தொங்கினால் ஆள் கிளம்பிவிட்டார். நல்ல ஏற்பாடு.

இன்னொரு பழக்கமும் அங்கே உண்டு. முன்பு ஒருமுறை, குளத்தில் இறங்கியவன் இடுப்பிலிருந்து சாவிக்கொத்து நழுவி வடிகால் வாய்க்குள் போய்விட்டது. கூட்டம் நிறைந்திருந்த விடுமுறைக் காலத்தில் குளத்தையே வற்றடித்து அதை எடுத்தார்களாம். அன்றிலிருந்து குளத்தில் இறங்குகிற எவரும் முதலில் சாவியைக் கொண்டுபோய்ப் பலகையில் மாட்டிவிட்டுத்தான் இறங்குவார்கள். இதுவும் நல்ல ஏற்பாடு.

இரண்டு நல்ல ஏற்பாடுகளும் இன்று ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. டீசல் சாவியை மாட்டிவிட்டுக் குளத்தில் இறங்கினான். சாவி தொங்கியதால் அவன் கிளம்பிவிட்டான் என்று ஆகிவிட்டது.

(இங்கே விதிகளைப் பற்றி ஒரு நீண்ட பத்தி எழுதியிருந்தேன். கிழித்துப் போட்டேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் வேறொரு கட்டுரைக்கு ஆகும் என்று மடித்து வைத்திருக்கிறேன்.)

கூட இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். “போதும் வாடா, காத்து ஏறுது” என்று கூப்பிட்டிருக்கிறார்கள். “நீங்க போங்க, இந்த ரெண்டை இறக்கிட்டு வந்துடறேன்” என்றிருக்கிறான். வாசலில் இரண்டு பஸ் நின்றன. முதல் பஸ்ஸில் ஏறியவர்கள் அவன் இரண்டாவதில் இருப்பான் என்று நினைத்தார்கள். இரண்டாவதில் ஏறியவர்கள் முதலாவதில் இருப்பான் என்று நினைத்தார்கள். பஸ் ஹாரன் அடித்தபோது அவன் தலை தண்ணீருக்குள் இருந்தது.

4

இந்தக் கதையில் எனக்கு நம்பிக்கை வராத ஒரு பாத்திரம் இருக்கிறது. பஸ்ஸைக் கிளப்பச் சொன்ன ஆள்.

அவர் விடுதியின் காவலர்களுக்குத் தலைவர். எல்லாரும் ‘கர்னல்’ என்பார்கள். எந்தப் படையிலும் இருந்தவர் இல்லை, மீசைக்காகக் கிடைத்த பட்டம். முதல் படியில் அவரைக் கெட்டவராக எழுதினேன். டீசலோடு பழைய பகை, வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போனார் என்று. எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த படியில் சோம்பேறியாக்கினேன். அதுவும் ஒட்டவில்லை. டீசலே தொலைபேசியில், “பாவம்கா, அந்த மனுஷன் பலகையைப் பாக்காம ஒரு அடி எடுத்து வைக்க மாட்டார்” என்றுதான் சொன்னான்.

ஆகவே மூன்றாவது படி இது:

[கர்னல் பலகையின் முன்னால் நின்றார். எல்லாக் கொக்கியிலும் சாவி இருந்தது. ஒருமுறை போதாதென்று மறுமுறையும் பார்த்தார். பிறகு டிரைவரைப் பார்த்துக் கையை அசைத்தார்.]

இதைப் படித்ததும் என் மனைவிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

“அந்த ஆளுக்கு வக்காலத்து வாங்கறீங்களா?”

“இல்லம்மா. அவர் எப்பவும் செய்யறதைத்தான் செஞ்சிருக்கார்.”

“கொக்கியை எண்ணத் தெரிஞ்சவருக்குத் தலையை எண்ணத் தெரியாதா?”

நான் மதியத்திலிருந்து எழுதியதில் இதைவிட நல்ல வாக்கியம் எதுவும் இல்லை. உடனே குறித்துக்கொண்டேன். நான் குறித்துக்கொண்டதை அவள் பார்த்தாள்.

“எல்லாமே உங்களுக்குச் சரக்குதான் இல்ல?” என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. “அந்த ஆளோட நம்பரை வாங்கி நானே கேக்கறேன்.” கைபேசியை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

5

அவள் அங்கே நம்பர் தேடிக்கொண்டிருக்கட்டும். அதற்குள் அந்த அழைப்பை முழுதாக எழுதிவிடுகிறேன். முதல் பகுதியில் பாதிதான் சொன்னேன். மீதியை எழுதக் கை வரவில்லை.

டீசல் குளத்திலிருந்து ஏறியபோது விடுதி வெறிச்சோடிக் கிடந்தது. பயல்கள் வேண்டுமென்றே ஒளிந்துகொண்டு விளையாடுகிறார்கள் என்று நினைத்திருக்கிறான். “வாங்கடா வெளியே, நான் பாத்துட்டேன்” என்று இரண்டு மூன்று இடத்தில் கத்தியும் பார்த்திருக்கிறான். துணி துவைக்கும் அறை, சாப்பாட்டுக் கூடம், பின்வாசல். பஸ் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. திரும்பிப் பலகையைப் பார்த்திருக்கிறான். எல்லாருடைய சாவியும் தொங்கியது, அவனுடையதும் சேர்த்து. அதைப் பார்த்த பிறகுதான் தனக்கு விஷயம் விளங்கியது என்றான். நனையாமல் விட்டுவைத்திருந்த கைபேசியை ஜெனரேட்டர் அறையிலிருந்து எடுத்து அக்காவைக் கூப்பிட்டான்.

சிரித்தான் என்றேன். அதற்குப் பிறகு இது:

“ஏண்டா, உனக்கு அறிவு இருக்கா? பஸ்ஸை விட்டுட்டு நாற்காலியைக் கட்டிட்டு இருந்தியே, அது என்ன உங்கப்பன் வீட்டு நாற்காலியா?”

“உனக்கும் அவர்தான்கா அப்பன்.”

“வாயை மூடு. ஆபீஸுக்குப் பேசினியா?”

“பேசினேன். பாலத்தை அடைச்சிட்டாங்களாம், வண்டி எதையும் உள்ள விட மாட்டாங்களாம். சொல்லி வைக்கறோம்னாங்க. யார்கிட்டச் சொல்லுவாங்கன்னு தெரியல. மாமா இருக்காரா? குடேன்.”

அவள் சோப்புக் கையால் கைபேசியை என் பக்கம் தள்ளினாள்.

“மாமா, பாலம் இங்கேருந்து நடக்கற தூரந்தான். காத்து இப்பவே ஆளைத் தள்ளுது, ஆனா முட்டி மோதிப் போயிடலாம்னு தோணுது. இல்லன்னா இங்கேயே மாடிப்படியில உக்காந்துடறேன். சுவரு கெட்டி, மேல் கூரைதான் தகரம். எனக்கு ஒண்ணும் புரியல மாமா. நடக்கட்டுமா, இருக்கட்டுமா? நீங்க சொல்லுங்க.”

“இரு” என்றேன்.

“சரி மாமா. சார்ஜ் கம்மியா இருக்கு, வைக்கறேன். அக்காவை அழ வேணாம்னு சொல்லுங்க.”

அவ்வளவுதான்.

[அடிக்குறிப்பு: அவன் ஏன் என்னைக் கேட்டான்? என் கதைகள் மேல் அவனுக்கு மரியாதை கிடையாது. ஒன்றே ஒன்றைப் படித்துவிட்டு, “என்ன மாமா, ஒருத்தனும் எழுந்திரிச்சுக்கூட நிக்க மாட்டேங்கறான்” என்றவன். ஆனால் என் மாமனார் வீட்டில் எது கேட்பதானாலும் மாமாவைக் கேட்டுவிடலாம் என்பார்கள். வண்டி வாங்குவதானாலும் சரி, வேலை மாறுவதானாலும் சரி. மூத்த மாப்பிள்ளைக்குக் கொடுக்கிற இடம் அது. நானும் எதையாவது சொல்லிவைப்பேன். இதுவரை பெரிய சேதம் எதுவும் நடந்ததில்லை.]

ஏன் இரு என்று சொன்னேன்? காரணங்கள் இருக்கின்றன. பாலத்தின் மேல் காற்றுக்குத் தடுப்பு கிடையாது. வழியில் மின்கம்பி அறுந்து கிடக்கலாம். கெட்டியான சுவருக்குள் இருப்பது நல்லது. எல்லாமே நியாயமான காரணங்கள், யாரிடமும் சொல்லி வாதாடலாம். ஆனால் எல்லாமே அந்தச் சொல்லுக்குப் பிறகு வந்தவை.

அவன் நடந்துபோயிருந்தால் இது ஒரு பாலத்துக் கதையாக ஆகியிருக்கும். பாலத்துக் கதைகள் நிறைய இருக்கின்றன. அவன் இருந்தால்? ஆளில்லாத விடுதி, எல்லா அறைச் சாவியும் அவன் கையில், குளத்தின் அடியில் நாற்காலிகள், மாடிப்படியில் ஒரே ஒருவன். எழுதுகிற எவனும் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுப்பான். இந்த எண்ணம் எனக்கு வந்தது, அதை மறுக்க முடியாது. அது ‘இரு’ என்று சொல்வதற்கு முன்னால் வந்ததா, பின்னால் வந்ததா?

தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. மதியத்திலிருந்து அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

6

என் மனைவி அடுத்த அறையிலிருந்து வந்தாள். கர்னல் எடுத்துவிட்டார். ஸ்பீக்கரில் அவர் குரல், அதற்குப் பின்னால் துணி கிழிவது போல மழைச் சத்தம்.

“பலகை நெறஞ்சிருந்துச்சும்மா. என் கண்ணால பாத்தேன். ஒரு கொக்கிகூடக் காலியா இல்ல. ரெண்டு தடவை பாத்தேம்மா.” அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு சத்தம் போட்டு அழ ஆரம்பித்தார். அவரைத் திட்டுவதற்காக நிமிர்ந்து நின்றிருந்த என் மனைவி, என்ன செய்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தாள்.

“அழாதீங்க சார்” என்றாள் கடைசியில். “எங்க இருக்கீங்க?”

“பாலத்து முனையிலதான். விஷயம் தெரிஞ்சதும் பஸ்ஸைத் திருப்பச் சொன்னேன், போலீஸ் விடல. பஸ் போயிடுச்சு, நான் எறங்கிக்கிட்டேன். இவங்க என்னை உள்ள விட மாட்டாங்க. ஆனா அந்தப் பக்கத்துலேருந்து ஆள் நடந்து வந்தா பிடிச்சுக்கறோம்னு சொல்றாங்க. கயிறு வச்சிருக்காங்க. அவனை நடந்து வரச் சொல்லும்மா. நான் நிக்கறேன். அவன் வர்ற வரைக்கும் நிக்கறேன்.”

அவள் உடனே தம்பியின் எண்ணை அழுத்தினாள். நீங்கள் அழைக்கும் நபர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் இனிமையாகச் சொன்னாள். மறுபடி அழுத்தினாள். அதே இனிமை. டவர் விழுந்துவிட்டது.

அவள் எழுத்தில் அனுப்பினாள்: “நடந்து வந்துடு. பாலத்துல ஆள் நிக்கறாங்க.” ஒற்றைக் குறி விழுந்தது. இங்கிருந்து போய்விட்டது, அவனுக்குப் போய்ச் சேரவில்லை. அந்த ஒற்றைக் குறியைப் பார்த்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“நீங்க ஏன் இருன்னு சொன்னீங்க?” என்றாள்.

காற்று, மின்கம்பி, கெட்டியான சுவர் எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் நிறுத்தாமல் கேட்டாள். மேலே ஐந்தாவது பகுதியில் எழுதியிருப்பதைச் சொல்லவில்லை. அவள் படிக்கும்போது தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். கோழைத்தனம்தான்.

7

முடிவுகளுக்கு வருகிறேன். மூன்று வைத்திருக்கிறேன்.

அ) காலையில் தண்ணீர் வடிகிறது. டீசல் மாடிப்படியிலிருந்து இறங்கி வருகிறான். தகரக் கூரை போன இடம் தெரியவில்லை, சுவர் நிற்கிறது. எங்கிருந்தோ சிக்னல் கிடைத்து அக்காவைக் கூப்பிடுகிறான். “அக்கா, பசி உயிர் போகுது” என்கிறான். அவள் அவனை வாய்க்கு வந்தபடி திட்டுகிறாள்.

ஆ) என் பேச்சைக் கேட்காமல் அவன் ஏற்கெனவே கிளம்பிவிட்டான். கைப்பிடிக் கம்பியைக் கட்டிக்கொண்டு பாலத்தின் மேல் தவழ்ந்து வருகிறான். மறுமுனையில் மீசை நனைந்து தொங்க ஒருவர் கயிறு வீசுகிறார். இதில் ஒரே சிக்கல், ‘சரி மாமா’ என்று சொன்னவன் சொன்னபடி கேட்பவன். பாத்திரத்தோடு ஒட்டாது. விமர்சகர்கள் பிடித்துக்கொள்வார்கள்.

இ) [மறுநாள் பாலம் திறந்ததும் முதல் ஆளாகக் கர்னல் உள்ளே ஓடினார். பின்வாசல் பெயர்ந்து கிடந்தது. சுவரில் முதல் மாடி வரைக்கும் சேற்றுக் கோடு. படிக்கட்டின் திருப்பத்தில்——]

இதுவரை எழுதிவிட்டு முகம் கழுவப் போனேன். திரும்பி வந்தபோது என் மனைவி தாள்களைக் கையில் வைத்திருந்தாள். முதலிலிருந்து படித்திருக்கிறாள். எல்லாவற்றையும், ஐந்தாவது பகுதியையும். கடைசித் தாள் மேலே இருந்தது.

“இந்தக் கோட்டுக்கு அப்புறம் என்ன?” என்றாள்.

“ஒண்ணுமில்ல. இன்னும் எழுதல.”

“எழுதல. யோசிச்சாச்சு.”

நான் நின்றேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தாள்களை ஒழுங்காகத் தட்டி மேசைமேல் வைத்தாள், நான் வைப்பதைவிட ஒழுங்காக.

“நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. அவன் பேசறது அப்படியே அவன்தான்” என்றாள். “ஆனா முடிக்காதீங்க. நீங்க ஒரு தடவை சொன்னது போதும்.”

8

முடிக்கவில்லை.

இப்போது சாயங்காலம். எங்கள் ஊரில் லேசான தூறல்தான், எதிர்வீட்டில் துணியைக்கூட இன்னும் எடுக்கவில்லை. டிவியில் புயல் மெதுவாகச் சுழல்கிறது. நடுவில் அதன் கண். அதைக் காட்டுகிற பெண்ணுக்கு அழகான உச்சரிப்பு. நான் இதைக் கவனிக்கிறேன், எழுதுகிறேன், வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

சற்று முன்னால் டிவியில் பாலத்தைக் காட்டினார்கள். அலை அதன்மேல் ஏறி மறுபக்கம் கொட்டியது. இந்த முனையில் மழைக்கோட்டுப் போட்டவர்கள் சிலர் நின்றார்கள். அவர்களில் ஒருவர் மட்டும் மழைக்கோட்டு இல்லாமல் நின்றார். என் மனைவி எழுந்து டிவி அருகே போய்ப் பார்த்தாள். பிறகு கைபேசியை எடுத்து அவசரமாக இன்னொரு செய்தி அனுப்பினாள்: “வேணாம். வராதே. அங்கேயே இரு.” அதற்கும் ஒற்றைக் குறி.

அவள் அனுப்பி முடிப்பதற்குள் டிவியில் அடுத்த அறிவிப்பு. மணல் திட்டில் இருக்கிற கட்டடங்களில் கடல்நீர் முதல் மாடிக்கு மேலும் ஏறலாம். யாராவது இன்னும் உள்ளே இருந்தால் உடனே வெளியேற வேண்டும். காற்று இன்னும் ஒருமுறை ஓங்குவதற்கு முன் சிறிது நேரம்தான் இருக்கிறது. இதை அந்தப் பெண் அழகாக உச்சரித்தாள்.

ஆக, நிலைமை இது. அவன் கைபேசிக்கு இரண்டு செய்திகள் காத்திருக்கின்றன. ஒன்று நடந்து வா என்கிறது, மற்றது அங்கேயே இரு என்கிறது. டவர் ஒரு நிமிடம் உயிர்த்தாலும் இரண்டும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்துவிடும். மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறவன் இரண்டையும் படிப்பான். எதைக் கேட்பான்? எங்களில் யார் சொன்னாலும் அப்படியே கேட்கிறவன் அவன். ஒன்றை அழித்தாக வேண்டும்.

அவள் கைபேசியை மேசையின் நடுவில் வைத்திருக்கிறாள். ஒரு செய்தியின் மேல் கட்டைவிரலை வைக்கிறாள், எடுக்கிறாள். மற்றதன் மேல் வைக்கிறாள். முகத்தில் அழுகை இல்லை. எங்களுக்குக் கல்யாணமான இத்தனை வருடத்தில் இப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது. ஆனால் அந்த விரல் அசைந்துவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது.

“எதை அழிக்கட்டும்?” என்கிறாள்.

என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. என்னை இனி அவள் கேட்க மாட்டாள். இந்த அறையில் வேறு யாரும் இல்லை, அவளும் நானும், இவ்வளவு நேரம் எங்களோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருந்த நீங்களும்தான்.

உங்களைத்தான் கேட்கிறாள். சீக்கிரம் சொல்லுங்கள், டவர் எந்த நிமிடமும் வந்துவிடலாம்.